அப்பாரு கையில் மணி மூன்று ஐம்பத்திரண்டு

ஜூன் 3, திங்கள்

ஒரே நேரத்தைக் காட்ட ஏழு கடிகாரங்கள் எதற்கு? காலையில் காப்பி டம்ளரோடு வந்து நின்று லோகநாதன் கேட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து நான்கு வருடங்கள் ஆகின்றன. இதை அவர் இன்றுதான் கேட்கிறார். அது பொறுமையா, கவனக்குறைவா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டதற்குப் பதிலும் தெரியாது.

"ஏழும் ஒரே நேரத்தைக் காட்டறதில்லைங்க" என்றேன். அது உண்மை. ஒன்று நாளுக்கு நான்கு நிமிடம் பின்தங்கும். இன்னொன்று மழைக்காலத்தில் மட்டும் முந்தும். ஆனால் அது பதில் இல்லை. அவர் பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர். அரைகுறை பதில்களைக் கையில் எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழும் தங்கம். சட்டைப்பையில் சங்கிலி கோத்துப் போடுகிற பழைய வகை. மூடியில்லாத முகப்பு, ஆறு மணி இருக்க வேண்டிய இடத்தில் வினாடிக்கென்று ஒரு குட்டி வட்டம், தலையில் சற்று நீண்ட வளையம். இந்த அமைப்பில் இல்லாததை நான் வாங்குவதில்லை. பழைய தங்கமாக உருக்க வருகிறவற்றில் இப்படி ஏதாவது இருந்தால் முதலில் எனக்குச் சொல்லும்படி கோயமுத்தூர் ராஜ வீதியில் இரண்டு நகைக்கடைக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் இந்த அமைப்பு மட்டும் என்றால், ரசனை.

அப்பா போன பிறகு எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு இதில் வேறு கருத்து. "கழுத்துலயும் போட முடியாது, காதுலயும் போட முடியாது. அப்பறம் அது தங்கமா இருந்தா என்ன, தகரமா இருந்தா என்ன?"

மாலையில் முத்துவேல் சித்தப்பா போன் செய்தார். தாராபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு ஆவணியில் கும்பாபிஷேகம். அவர்தான் கமிட்டித் தலைவர்.

"அம்மிணி, விழா மலர் ஒண்ணு போடறோம். ஊட்டுக்கு ஒரு பெரியவரு படம். நீதான் பாத்துக்கோணும்."

"நான் பிசிக்ஸ் நடத்தறவ, சித்தப்பா."

"அதனாலதான் உன்னக் கேக்கறேன். தமிழ் வாத்தியார்கிட்டக் குடுத்தா கவிதை போட்டுருவாரு."

கட்டிக்கொடுத்துவிட்ட பெண்ணுக்கு அந்தக் கோயிலில் வரி கிடையாது, பரிவட்டம் கிடையாது, வேலை மட்டும் உண்டு. ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

படங்கள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிட்டன. யாரும் சுவரிலிருந்து கழற்றுவதில்லை. மாலையோடு, கண்ணாடியோடு, கீழே நின்று அப்படியே எடுத்து அனுப்புகிறார்கள். ஒரு பெரியவரின் நெற்றியில் டியூப்லைட் எரிகிறது. இன்னொருவரின் வயிற்றில் படம் எடுத்த பேரனின் முகம் தெரிகிறது. மூன்றாவது படத்தில் பெரியவரைவிடப் பல்லி தெளிவாக இருக்கிறது.

முன்மாதிரியாக இருக்கட்டும் என்று எங்கள் அப்பாருவின் படத்தை நானே கழற்றி, துடைத்து, ஸ்கேன் செய்தேன். அப்பாவின் அப்பா, நல்லமுத்து அப்பாரு. தலையில் உருமால், கறுப்புக் கோட்டு, நாற்காலியின் கைமேல் ஒரு கை. இன்னொரு கையில் தங்கக் கடிகாரம். சங்கிலி வளைந்து போய்க் கோட்டுப் பொத்தானில் மாட்டியிருக்கிறது. நேரம் பார்க்கிறவர் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடிப்பார். அப்பாரு நம் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறார்.

திரையில் பெரிதாக்கியபோது லோகநாதன் எட்டிப் பார்த்தார். "இது உன்ற பொட்டியில இருக்கறதாட்டவே இருக்குது?"

"அந்தக் காலத்துல எல்லாம் இப்படித்தாங்க இருக்கும்" என்றேன்.

அம்மாவும் வந்தார். "நல்லாப் பாத்துக்க. அதத்தான் உங்க பெரியம்மா கமுக்கமா எடுத்துட்டது."

1993இல் அப்பாரு இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தபோது அதில் கடிகாரம் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது அதை நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. வெளியே எடுத்தால் திருட்டுப் போகும் என்று பூட்டியே வைத்திருந்தார் என்பார்கள். யாரும் பார்த்ததில்லை என்பதே அதன் மதிப்புக்குச் சாட்சி ஆயிற்று. பெரியப்பா வீட்டார் எடுத்தார்கள் என்று எங்கள் வீட்டார், அப்பா எடுத்தார் என்று அவர்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பெரியப்பாவுக்கு ஒரே பெண், தமயந்தி. எனக்கு ஒரு மாதம் மூத்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சு.

பெரியவர்கள் சண்டை. எங்களுக்கு அதில் சம்பந்தமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

நான்காம் எண் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கிவிட்டது. காலையில் சாவி கொடுத்தபோது கை வேறு எங்கோ இருந்தது போலிருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

அப்பாருவின் கடிகாரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அது குழந்தைசாமி என்பவரின் கையில் இருக்கிறது.

காங்கேயத்துப் பங்காளி வீட்டிலிருந்து இன்று அந்தப் படம் வந்தது. அதே குட்டி வட்டம், அதே நீண்ட வளையம். சங்கிலியில் ஓட்டைக்காலணா ஒன்று தொங்குகிறது. அப்பாருவின் சங்கிலியிலும் தொங்குகிறது. ஒரு கண்ணி அறுந்து கம்பியால் கட்டியிருக்கிறது. அப்பாருவினுடையதிலும் அப்படியே.

காலை முழுக்க மூன்று கருத்துகளை ஆராய்ந்தேன். அப்பாரு விற்றிருக்கலாம். குழந்தைசாமி திருடியிருக்கலாம். பெரியம்மா எடுத்து அவரிடம் கொடுத்திருக்கலாம். மூன்றாவதை எழுதிய பிறகு படத்தின் பின்பக்கத்தையும் அனுப்பச் சொன்னேன். ஸ்டுடியோ முத்திரையில் 1943 என்றிருந்தது. பெரியம்மாவுக்கு அப்போது வயது இரண்டு. அந்தக் கருத்தை அடித்துவிட்டேன்.

படம் அனுப்பிய பேரன் கதிர்வேலுக்குப் போன் செய்து, வருடத்தைச் சரிபார்ப்பது போல, கடிகாரம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

"அந்தக் கொடுமைய ஏங்க்கா கேக்கறீங்க? எங்க சின்னாத்தா தூக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அவிங்க ஊட்டுல நாங்க கை நனைக்கறதில்ல."

ஜூன் 18, செவ்வாய்

தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம். எங்கள் அப்பாருவின் அதே படத்தின் இன்னொரு பிரதி. கீழே, "ஒரிஜினல் எங்ககிட்ட இருக்குது. இதையே போடவும்." அதற்குக் கீழே, படத்தின் அடியில் அச்சிட வேண்டிய வாசகமாம்: "கையில் உள்ளது இப்போது எங்கே என்பது குடும்பத்துக்குத் தெரியும்."

தமயந்தி. முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு.

தொகுப்பாளர் என்ற முறையில் பதில் எழுதினேன்: "வாசகம் பத்துச் சொல்லுக்கு மிகக்கூடாது."

"எண்ணிப் பாரு. ஏழு."

எண்ணினேன். ஏழுதான்.

ஜூன் 23, ஞாயிறு

கடிகாரத்தோடு இருக்கும் பெரியவர்கள் இப்போது ஒன்பது பேர். ஒன்பது பேரிடமும் ஒரே கடிகாரம். பின்னால் ஒரே திரைச்சீலை. அதில் எங்கும் போய்ச் சேராத ஒரு மாடிப்படி, பக்கத்தில் குளம், குளத்தில் கழுத்து சற்றுக் கோணலான ஓர் அன்னம். முத்திரை தாராபுரம் பத்மா ஸ்டுடியோ. 1943 முதல் 1951 வரை.

ஒவ்வொரு கடிகாரத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஒன்பதிலும். ஒருவர் அந்த நேரத்துக்குப் போயிருக்கலாம். இரண்டு பேர் போயிருக்கலாம். எட்டு வருடங்களில் ஒன்பது பேர் நிமிடம் தவறாமல் அதே நேரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள் என்றால் எங்கள் பங்காளிக் கூட்டத்தைப் பற்றி நான் கேள்விப்பட்ட எதனோடும் அது ஒத்துப்போகவில்லை. எங்கள் ஆட்கள் முகூர்த்தத்துக்கே நேரத்துக்கு வந்ததில்லை.

ஒன்பதையும் மேசையில் பரப்பி லோகநாதனுக்கு விளக்கினேன். கண்ணி, காலணா, முள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாஞ் சரி. கோட்டும் ஒண்ணுதான?"

பார்த்தேன். கோட்டும் ஒன்றுதான். காங்கேயத்துக்காரருக்கு மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. எங்கள் அப்பாருவுக்கு விரல் நுனியை மூடுகிறது. வலது பக்கம் மூன்றாவது பொத்தான் ஒன்பது பேருக்கும் இல்லை. இரண்டு வாரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவள் கோட்டைப் பார்க்கவே இல்லை.

அவர் சிரித்து முடிக்கும் வரை நான் துணி மடித்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

இந்த வாரம் தமயந்தியோடு வேலை நிமித்தமாக இருபத்தாறு செய்திகள். பெரியப்பா பெயரின் எழுத்து, பிறந்த வருடம், இன்ன பிற. அவள் வாசகத்தை மாற்ற மறுக்கிறாள். மாற்றாக ஒன்று அனுப்பினாள்: "கையில் கடிகாரம். எடுத்தவர் கையில் பாவம்." அச்சிட முடியாது என்றேன். "அஞ்சு சொல்லுதான?" என்றாள். அவளுக்கு உடுமலைப்பேட்டையில் தென்னங்கன்றுப் பண்ணை இருக்கிறது. மகன் பெங்களூரில். முடிக்குச் சாயம் போடுவதில்லை. இவையெல்லாம் மலருக்குத் தேவையில்லாதவை.

ஸ்டுடியோ விஷயத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உறுதி ஆகாமல் எதையும் சொல்லக் கூடாது.

ஜூலை 6, சனி

தாராபுரம் போனேன். பத்மா ஸ்டுடியோ இன்னும் இருக்கிறது. ஆதார் கார்டு லேமினேஷன், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ. ஸ்டுடியோவை ஆரம்பித்தவரின் மருமகள் சுலோச்சனா நடத்துகிறார். அறுபது வயதிருக்கும். ஒன்பது படங்களையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் பெரியவர்களைப் பார்க்கவில்லை. அன்னத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க மாமனார் வரைஞ்சதுங்க. கழுத்து சரியா வரலன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருப்பாரு."

"கடிகாரம்?"

"அதும் எங்களதுதானுங்க. கோட்டு, உருமாலு, கடியாரம், மூணும் செட்டு. காட்டு வேலையில இருந்து அப்படியே வருவாங்க, பாவம், வெறும் ஒடம்போட. மாமனாரு மூணையும் போட்டு உட்டு உக்கார வெப்பாரு. கையில மோதரம் இருக்கறவங்களுக்குக் கடியாரம் தர மாட்டாரு."

"ஏங்க?"

"ஒரு ஆளுக்கு ரெண்டு பெருமை எதுக்குன்னுங்க."

கோட்டை எலி தின்றுவிட்டதாம். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். நெகட்டிவ் துண்டுகளுக்கும் சீப்புகளுக்கும் நடுவில் அது கிடந்தது. கையில் எடுத்தேன். இருபத்தாறு வருடமாகக் கடிகாரம் வாங்குகிறவள். எடை போதாது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. சக்கரம் இல்லை, சுருள் இல்லை. ஒரு கூடு. முள் இரண்டும் முகப்பில் கறுப்பு மையால் வரைந்தவை.

இரவல் கேட்டேன். "நீங்களே வெச்சுக்கங்க டீச்சர். இங்க பேத்திக அத ஒருநா ஒடைச்சுரும்."

பஸ்ஸில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் யாரோ அதைத் திருடிவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. பித்தளை என்று தெரிந்த பிறகும்.

ஜூலை 8, திங்கள்

தெரிந்தது என்று எழுதியது தவறு. அது ஊகம். இன்று மதியம் கல்லூரி லேபில் பின்மூடியை மட்டும் நூலில் கட்டித் தொங்கவிட்டு எடுத்தேன். காற்றில் 12.6 கிராம், தண்ணீரில் 11.1. அடர்த்தி 8.4. பித்தளை. பதினெட்டு காரட் தங்கமாக இருந்திருந்தால் பதினைந்துக்குக் குறையாது.

அம்மாவிடம் சொன்னேன். கடிகாரத்தையும் காட்டினேன். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கடித்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"உங்க காலேஜுத் தண்ணியில போட்டா தங்கமும் பித்தளையாத்தான் போகும்."

"அது அப்பாருவினதே இல்லம்மா. ஸ்டுடியோக்காரரது."

"அப்ப எங்க மாமனாருது எங்க?"

அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அம்மா மட்டும் பேசினார். "ஒண்ணுமே இல்லாததுக்கா அந்த மனுசியோட நான் பேசாம இருந்தேன்?" என்றார். டிவியைப் போட்டுக்கொண்டார். ஒலி வைக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பிழை திருத்த முத்துவேல் சித்தப்பாவுக்கு மட்டும் அச்சுப்பிரதியை அனுப்பினேன். ஒன்பது படங்களும் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரே அளவில். அவர் அதை எங்கள் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இருநூற்றுப் பதினான்கு உறுப்பினர்கள்.

ஒன்பது வீட்டாரும் தங்கள் கடிகாரத்தை மற்ற எட்டு வீட்டார் கையில் பார்த்தார்கள்.

பதினோரு மணிக்குள் கதிர்வேல் தன் சின்னாத்தாவின் மகனிடமும், அவர் படம் அனுப்பிய மூலனூர்க்காரரிடமும், மூலனூர்க்காரர் எல்லோரிடமும் விளக்கம் கேட்டுவிட்டார்கள். பல்லடத்திலிருந்து ஒருவர் போலீஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கும்பாபிஷேகத்துக்கு வரமாட்டோம் என்று இரண்டு வீட்டார். சித்தப்பா போனில் அழாத குறை.

"ஏதாவது பண்ணு அம்மிணி. படத்தையெல்லாம் கழுத்தோட வெட்டிப்போடு."

"வெட்டினா என்ன வெட்டிட்டீங்கன்னு கேப்பாங்க, சித்தப்பா."

"அப்ப எல்லாரோட அப்பாருவும் எரவல் கோட்டு போட்டவருன்னு சொல்லப் போறயா?"

"அதத்தான் சொல்லோணும்."

மூன்று மணிக்குக் குழுவில் எழுதினேன். இரண்டு பத்தி. ஸ்டுடியோ, கோட்டு, வரைந்த முள், அடர்த்தி 8.4. கடிகாரத்தைத் தராசுப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்று.

பத்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. இருநூற்றுப் பதினான்கு பேர் அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு கதிர்வேல் எழுதினான்: "அக்கா, கோட்டு எங்க அப்பாருவுக்குத்தானுங்க கொஞ்சமாச்சும் பொருந்துது?"

இல்லை, எங்கள் அப்பாருவுக்குத்தான் என்றார் மூலனூர்க்காரர். தோளைப் பாருங்கள் என்றார் பல்லடத்துக்காரர். இதை எழுதும்போது மாலை ஆறு மணி. இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் அப்பாரு கடைசி இடத்தில் இருக்கிறார்.

தமயந்தி எதுவும் எழுதவில்லை. படித்துவிட்டாள் என்று தெரிகிறது.

ஜூலை 17, புதன்

கதிர்வேல் தன் சின்னாத்தா வீட்டுக்கு முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனானாம். சாப்பிட்ட இலையைப் படமெடுத்துக் குழுவில் போட்டிருக்கிறான். எட்டு வீட்டார் தங்கள் வாசகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். "தங்கக் கடிகாரத்துடன்" என்பது "கடிகாரத்துடன்" ஆகியிருக்கிறது. ஒருவர் மட்டும் "பத்மா ஸ்டுடியோ கடிகாரத்துடன்" என்று கேட்டிருக்கிறார். நியாயமான மனிதர்.

உடுமலையிலிருந்து ஒன்றும் இல்லை. ஒன்பதாவது வாசகம் இல்லாமல் பக்கம் நிற்கிறது என்று ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள்.

அச்சகத்தில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஜூலை 20, சனி

ஒன்றும் இல்லை.

ஜூலை 24, புதன்

இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது தமயந்தியிடமிருந்து செய்தி வந்தது. "எல்லாம் போட்டயே. எங்கம்மா மடியில என்ன இருந்துச்சுன்னு போடலயா?"

பசங்களுக்குக் கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வகுப்பில் நான் உட்காருவதில்லை. முதல் வரிசைப் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஜூலை 27, சனி

இந்த நோட்டில் ஜூன் 9ஆம் தேதி எங்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்று எழுதியிருக்கிறேன். திருத்தம்.

அன்று பெட்டியைத் திறந்து ஒன்றும் இல்லை என்றதும் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னேன். பதினெட்டு வயது. பரீட்சையில் ஜில்லாவில் இரண்டாவது. எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவள். காலையில் பெரியம்மா அந்த அறைக்குள் தனியாகப் போய்விட்டு வந்ததை நான் பார்த்திருந்தேன். அதிலிருந்து இதைக் கண்டுபிடித்து, கூடியிருந்த ஒறம்பரைச் சனம் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி தமயந்தியிடம் சொன்னேன்: "உங்கம்மா மடியத் தடவிப் பாரு, கெடைக்கும்."

பெரியம்மா என்னைத் திட்டவில்லை. நடு வாசலுக்கு வந்து நின்று மடியை அவிழ்த்து உதறிக் காட்டினார். இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, பூட்டுச் சாவி ஒன்று. கீழே விழுந்ததை அவரே குனிந்து பொறுக்கினார். தமயந்தி பொறுக்க உதவினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

2011இல் பெரியம்மா இறந்தபோது நான் போகவில்லை. விடைத்தாள் திருத்தும் பணி இருந்தது. லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

அதே வருடம்தான் ஐந்தாம் எண் கடிகாரத்தை வாங்கினேன். அதிலும் வளையம் நீளம்தான்.

லோகநாதனிடம் சொன்னேன். "போயிட்டு வா. போனுல வேண்டாம்" என்றார்.

நாளை காலை உடுமலைப்பேட்டை. சொல்ல வேண்டியதை மூன்று பகுதியாகப் பிரித்து ஓர் அட்டையில் எழுதியிருக்கிறேன். முதலில் சான்று: கடிகாரத்தைக் கையில் கொடுத்துவிடுவது. அடுத்தது விளக்கம்: அன்றைய தேதியில் எனக்கு இருந்த தகவல் என்ன, அதிலிருந்து நான் செய்த பிழை என்ன. மூன்றாவது வருத்தம் தெரிவித்தல். மொத்தம் எட்டு நிமிடம். படித்துப் பார்த்தேன். தமயந்தி கோபப்பட்டால் குறுக்கிட மாட்டேன். கதவைத் திறக்காவிட்டால் கடிகாரத்தையும் அட்டையையும் கதவருகே வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும்.

ஜூலை 28, ஞாயிறு

கதவு திறந்தே கிடந்தது. தமயந்தி வாசலில் லாரிக்காரரோடு கன்றுகளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"அந்த நெழல்ல உக்காரு. இந்த வண்டி போகட்டும்."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவில், "சும்மாதான இருக்கற, அந்த வரிசைய எண்ணிச் சொல்லு" என்றாள். எண்ணிச் சொன்னேன். நூற்று நாற்பது. லாரிக்காரர் நூற்று நாற்பத்திரண்டு என்றார். "அவ பிசிக்ஸ் வாத்தியாரு. அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எப்பவாச்சுந்தான் தப்பும்" என்றாள்.

வண்டி போனது. கடிகாரத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்து, நகத்தால் முகப்பைச் சுரண்டினாள்.

"பித்தளைன்னு குரூப்புலயே படிச்சுட்டேன். அடுத்தது?"

"அன்னைக்கு எனக்கு இருந்த தகவல்..."

"உனக்கு இருந்தது கொழுப்பு. அடுத்தது?"

அட்டையில் மூன்றாவது பகுதி நான்கு வரி. வாயைத் திறந்தேன். ஒரு வரியும் வரவில்லை. இருபத்தைந்து வருடமாக அறுபது பேர் முன்னால் பேசுகிறவள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று வீட்டுக்குள் கையைக் காட்டினாள். "அவிங்ககிட்டப் போய்ச் சொல்லு."

உள்ளே பெரியம்மாவின் படம். ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. பின்னால் திரைச்சீலை இல்லை. கழுத்தில் ஒற்றைக் கயிறு.

படங்களோடு பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இறந்தவர்களுக்குக் காது கேட்காது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். அட்டையை வெளியே நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எட்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

திரும்பிக் கதவைத் திறந்தால், தமயந்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நகரவில்லை. மறைக்கவும் இல்லை.

"அவிங்களுக்குக் கேட்டுச்சோ என்னமோ" என்றாள். "எனக்குக் கேட்டுச்சு. மூஞ்சியக் கழுவிட்டு வா, சோறு ஆறுது."

சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் காரம். சொன்னேன். "உன்ற ஊட்டுக்கு வந்து நான் கொறை சொல்றப்பப் பாத்துக்கலாம்" என்றாள்.

நாலு மணி பஸ்ஸுக்கு என்னை ஸ்கூட்டரில் உட்கார வைத்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தாள். சரியான நேரத்துக்குத்தான் வந்தோம். பேசிக்கொண்டே நின்றதில் அந்தப் பஸ் போயிற்று. நாலே முக்கால் பஸ்ஸும் போயிற்று. ஒரு கண்டக்டர் இரண்டு தடவை வந்து, "கோயமுத்தூர் ஏறுங்க்கா, ஏறுங்க்கா" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு ஐம்பதுக்கு ஏறினேன்.